தேம்ஸ் கரையில் ஒரு மாவு ஆலை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

நம் இயக்கவியல் பாடத்தில் ‘கூம்பு ஊசல்’ என்றொரு பகுதி உண்டு. நூலில் கட்டிய குண்டைச் சுழற்றினால் அது கூம்பு வடிவில் சுற்றி வரும். வேகம் கூடினால் குண்டு மேலே எழும். வேகம் குறைந்தால் கீழே இறங்கும். இவ்வளவையும் விளக்கிவிட்டு, ‘பயன்: நீராவி எஞ்சினின் கவர்னர்’ என்ற ஒற்றை வரியோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்த வரியை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்களுள் நானும் ஒருவன்.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னே ஒரு மாவு ஆலை நிற்கிறது. ஒரு பெருந்தீ எரிகிறது. அந்தத் தீயைக் கண்டு ஆடிப்பாடி மகிழ்ந்த ஒரு மக்கள் கூட்டமும் இருக்கிறது. இதை நூலகத்தில் படித்து அறிந்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. ஓர் ஆலை எரிந்ததற்கு மனிதர்கள் ஏன் மகிழ வேண்டும்? இந்தக் கேள்வி பல நாட்கள் என்னை விடவில்லை. அதற்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

ஆலை இருந்த இடம்

இலண்டன் மாநகரை ஊடறுத்து ஓடும் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், பிளாக்ஃபிரையர்ஸ் பாலம் கரை ஏறும் இடத்தை ஒட்டி எழுந்தது ஆல்பியன் ஆலை. ‘ஆல்பியன்’ என்பது பிரிட்டன் தீவின் பழம்பெயர். நாட்டின் பெயரையே ஆலைக்கு இட்டதிலிருந்து அதைக் கட்டியவர்களின் மனத்துணிவை நாம் உணரலாம்.

ஆங்கில நூல்களில் இதனைக் ‘கார்ன் மில்’ என்று குறிப்பிடுவார்கள். அதைக் கொண்டு மக்காச்சோளம் அரைத்த ஆலை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தின் பழைய வழக்கில் ‘கார்ன்’ என்றால் பொதுவாகத் தானியம். ஆல்பியன் ஆலை அரைத்தது கோதுமை.

அக்காலத்தில் இலண்டன் மக்களுக்கு வேண்டிய மாவை அரைத்துத் தந்தவை காற்றாலைகளும் நீராலைகளும்தாம். காற்று அடித்தால்தான் காற்றாலை சுற்றும். ஓடையில் நீர் ஓடினால்தான் நீராலை சுற்றும். கோடையில் நீர் வற்றினாலும், குளிர்காலத்தில் உறைந்தாலும் ஆலை நின்றுவிடும். காற்றையும் நீரையும் எதிர்பாராமல் இரவு பகல் எந்நேரமும் அரைக்கும் ஓர் ஆலையை மாநகரின் நடுவிலேயே எழுப்ப முடியுமா? முடியும் என்றார்கள் மாத்யூ போல்ட்டனும் ஜேம்ஸ் வாட்டும்.

மேலும் கீழும் அசைவதைச் சுற்ற வைத்த கதை

நீராவி எஞ்சின் வாட்டின் காலத்துக்கு முன்பே இருந்தது. 1712-ஆம் ஆண்டிலேயே தாமஸ் நியூகோமன் சுரங்கத்தில் ஊறும் நீரை இறைக்க அதை நிறுவினார். ஆனால் அது மேலும் கீழும் அசைய மட்டுமே அறிந்த எஞ்சின். நம் ஊர்ப் பக்கத்து ஏற்றம் போல ஒரு பெரிய மரத்தூலம் ஏறும், இறங்கும். நீர் இறைக்க அது போதும். மாவு அரைக்கப் போதாது. அரைப்பதற்குக் கல் சுற்ற வேண்டும்.

வாட் முதலில் செய்தது எரிபொருள் சிக்கனம். நீராவியை உருளைக்குள்ளேயே குளிரவைக்காமல் தனிக் கலத்தில் குளிரவைக்கும் முறைக்கு 1769-இல் காப்புரிமை பெற்றார். 1775-இல் பர்மிங்காம் நகரத் தொழிலதிபர் போல்ட்டனோடு கூட்டுச் சேர்ந்தார். சுரங்கங்களோடு நின்றுவிட்டால் எஞ்சினுக்குச் சந்தை சுருங்கிவிடும், ஆலைகளைச் சுழற்றும் எஞ்சினே இனி வேண்டும் என்று வாட்டைத் தூண்டியவர் போல்ட்டன்.

சுழற்சிக்கு எளிய வழி, தையல் இயந்திரத்தின் மிதிகட்டையில் நாம் காணும் வளைதண்டு. ஆனால் எஞ்சினில் அதைப் பயன்படுத்தும் உரிமையை 1780-இல் ஜேம்ஸ் பிக்கார்டு என்பவர் பெற்றிருந்தார். எனவே 1781-இல் வாட் ‘சூரியன்–கோள்’ பற்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இந்த யோசனை அவருடைய உதவியாளர் வில்லியம் முர்டாக்கினுடையது என்பர். தூலத்தின் முனையிலிருந்து தொங்கும் தண்டில் ‘கோள்’ சக்கரம் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். அது ‘சூரியன்’ சக்கரத்தைச் சுற்றிவரும். இரண்டிலும் பற்களின் எண்ணிக்கை சமமானால், கோள் ஒரு முறை சுற்றிவரும்போது சூரியன் இரண்டு முறை சுழலும். தடையைச் சுற்றிச் செல்லப் போட்ட பாதை, இருமடங்கு வேகத்தையும் கொடுத்துவிட்டது!

அடுத்து, பிஸ்டனை இருபுறமும் நீராவியே தள்ளும் இரட்டைச் செயல் எஞ்சின் 1782-இல் வந்தது. பிஸ்டன் தண்டு கோணாமல் நேர்கோட்டில் ஏறி இறங்க உதவும் ‘இணை இயக்கம்’ 1784-இல் வந்தது. மாவாலைக்கு வேண்டிய எஞ்சின் தயாராகிவிட்டது.

ஆலையின் அமைப்பு

கட்டடத்தை வடிவமைத்தவர் சாமுவேல் வயட் என்னும் கட்டடக் கலைஞர். ஆற்றங்கரைச் சதுப்பு நிலம் கனமான கட்டடத்தைத் தாங்காது என்பதால், தலைகீழ் வளைவுகளாலான அகன்ற அடித்தளத்தை அமைத்து, தெப்பத்தின் மேல் நிறுத்தியது போலக் கட்டடத்தை எழுப்பினார்.

உள்ளே இயந்திரங்களை அமைத்தவர் ஜான் ரென்னி. 1761-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ஊர்ப்பக்கத்து ஆலைத் தச்சர் ஆண்ட்ரூ மீக்கிலிடம் சிறு வயதிலேயே தொழில் பழகியவர். பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக், ஜான் ராபிசன் ஆகிய பேராசிரியர்களிடம் பயின்றார். உள்ளுறை வெப்பத்தைக் கண்டறிந்த அதே பிளாக்தான்! உளி பிடித்த கையும் ஏடு பிடித்த கையும் ஒன்றாயிருந்தமையால், இளைஞர் என்றும் பாராமல் இந்தப் பெரும்பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை ஆலைகளில் பற்சக்கரங்களும் அச்சுகளும் பெரும்பாலும் மரத்தாலானவை. ரென்னி இங்கே பெருமளவில் இரும்பைப் பயன்படுத்தினார்.

1786-ஆம் ஆண்டு முதல் எஞ்சின் ஓடத் தொடங்கியது. 1789-இல் இரண்டாவது எஞ்சின் சேர்ந்தது. ஒவ்வொன்றும் 50 குதிரைத் திறன். வாட்டின் கணக்குப்படி ஒரு குதிரைத் திறன் என்பது நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை. நம் அலகில் 746 வாட். அப்படியானால் ஓர் எஞ்சினின் திறன் சுமார் 37 கிலோவாட். இன்றைய சிறு கார் ஒன்றின் எஞ்சின் இதற்கு ஈடாகும். ஆனால் அன்று இலண்டனில் இதைப் பார்த்து மலைக்காதவர் இல்லை. ஓர் எஞ்சினுக்குப் பத்து ஜோடி அரைகற்கள் வீதம் இருபது ஜோடிகள் அமைந்தன. மூன்றாவது எஞ்சினுக்கும் திட்டம் இருந்தது, அது நிறைவேறவில்லை.

அரைகல் நமக்குப் புதியதன்று. வீட்டுத் திருகையைப் பெரிதாக்கி நினைத்துக்கொண்டால் போதும். அடிக்கல் அசையாது, மேற்கல் சுற்றும், நடுத்துளையில் விழும் தானியம் மாவாகி விளிம்பில் வெளிவரும். அம்மி தேய்ந்தால் நாம் கொத்திக்கொள்வது போல, அந்தக் கற்களையும் அவ்வப்போது கொத்தியாக வேண்டும்.

அரைப்பது மட்டுமா? படகில் வந்த கோதுமையை மேலே தூக்குவது, தூசு போகக் காற்றில் தூற்றுவது, அரைத்த மாவைச் சலிப்பது ஆகிய வேலைகளையும் அதே நீராவியே செய்தது. முன்பு பலர் தோளிலும் கையிலும் நடந்த வேலை அது. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆலை ஒரு காட்சிப் பொருளாயிற்று. பிரபுக்களும் சீமாட்டிகளும் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். போல்ட்டனுக்கு இது நல்ல விளம்பரம். வாட்டுக்கோ எரிச்சல். மாவு அரைக்கும் இடத்தில் கேளிக்கை எதற்கு என்று கூட்டாளியிடம் கடிந்துகொண்டார்.

கவர்னர் பிறந்த கதை

இனி நம் பாடத்துக்கு வருவோம். எஞ்சின் ஒரே வேகத்தில் ஓடினால்தான் மாவு ஒரே தரமாக இருக்கும். சில கற்களுக்குத் தானியம் தடைப்பட்டால் சுமை குறையும். உடனே வேகம் ஏறும். வேகம் ஏறினால் மேற்கல் அடிக்கல்லை விட்டு விலக முற்படும், மாவு கொரகொரப்பாகிவிடும். காற்றாலைகளில் இந்தத் தொல்லை நெடுநாளாக உண்டு. அதற்குப் பரிகாரமாக, சுழலும் இரு குண்டுகளைக் கொண்டு கற்களின் இடைவெளியைத் தானாகவே சரிசெய்யும் கருவியை ஆலைத் தொழிலாளர்கள் அறிந்திருந்தார்கள்.

ஆல்பியன் ஆலையிலும் அக்கருவி இருந்தது. 1788 மே மாதம் அதைக் கண்ட போல்ட்டன், அதன் அமைப்பை விவரித்து வாட்டுக்குக் கடிதம் எழுதினார். வாட் அதை எடுத்து எஞ்சினின் நீராவி வால்வோடு இணைத்தார். வேகம் ஏறினால் குண்டுகள் எழும், எழுந்தால் வால்வு சற்று மூடும், நீராவி குறையும், வேகம் இறங்கும். வேகம் இறங்கினால் இதற்கு நேர்மாறு. காவலுக்கு ஆள் வேண்டாம். எஞ்சினே தன்னைக் காத்துக்கொள்ளும். அதே 1788-இல் போல்ட்டனின் சோஹோ தொழிற்சாலைக்காகக் கட்டப்பட்ட கவர்னர் பூட்டிய எஞ்சின் ஒன்றை இன்றும் இலண்டன் அறிவியல் காட்சியகத்தில் காணலாம். வாட் இந்தக் கவர்னருக்குக் காப்புரிமை கோரவில்லை. ஆலைத் தச்சர்களின் பொதுச்சொத்தாக முன்பே இருந்ததை அவர் எப்படித் தனதென்று கூற முடியும்?

கணக்கிட்டுப் பார்ப்போம். கூம்பு ஊசலில், தொங்கும் புள்ளிக்கும் குண்டு சுற்றும் தளத்துக்கும் இடையிலுள்ள செங்குத்து உயரம், புவியீர்ப்பு முடுக்கத்தைக் கோண வேகத்தின் இருமடியால் வகுக்கக் கிடைப்பது. குண்டின் நிறை இதில் வரவே இல்லை. நிமிடத்துக்கு 60 சுற்று எனில் கோண வேகம் விநாடிக்கு 6.28 ரேடியன், உயரம் சுமார் 24.8 செ.மீ. வேகம் பத்து விழுக்காடு கூடி 66 சுற்றானால் உயரம் 20.5 செ.மீ. அதாவது குண்டுகள் நான்கு செ.மீ.க்கு மேல் எழுந்துவிடுகின்றன. வால்வின் நெம்புகோலை அசைக்க இது தாராளம். தேர்வுக்காகப் பலமுறை எழுதிய சமன்பாடுதான் இது. ஆயினும் ஆலையை மனத்தில் வைத்துக் கணக்கிட்ட அன்றுதான் அது எனக்கு உண்மையில் விளங்கியது.

இக்கருவியின் வளர்ச்சி அத்தோடு நிற்கவில்லை. சில கவர்னர்கள் வேகத்தை நிலைநிறுத்தாமல் ஏறி இறங்கி ஊசலாடின. அதன் காரணத்தைக் கணித முறையில் ஆராய்ந்து 1868-இல் கட்டுரை எழுதியவர், மின்காந்தக் கொள்கையால் நாம் அறிந்த ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். 1948-இல் நார்பர்ட் வீனர் தம் புதிய துறைக்குச் ‘சைபர்னெட்டிக்ஸ்’ என்று பெயர் சூட்டியபோது, மாக்ஸ்வெல்லின் அக்கட்டுரையை நினைவுகூர்ந்தே சூட்டினார். மாவு ஆலையில் சுழன்ற இரு குண்டுகள் இன்றைய தானியங்கித் துறைக்கே முன்னோடி ஆயின.

தீயும் கூத்தும்

1791 மார்ச் 2-ஆம் நாள் காலையில் ஆலையில் தீப்பிடித்தது. உள்ளே மரத்தளங்களும், தானியமும், மாவும். மாவுத் தூசி காற்றில் பரவி நின்றால் எளிதில் தீப்பற்றும் என்பது வேதியியல் மாணவர்கள் அறிந்ததே. 1785-இல் இத்தாலியின் தூரின் நகரில் ரொட்டிக் கடை ஒன்றில் மாவுத் தூசி வெடித்த செய்தி அக்காலத்திலேயே எழுதிவைக்கப்பட்டுள்ளது. ஆல்பியன் ஆலைத் தீ வெகு விரைவில் கட்டடம் முழுவதையும் பற்றிக்கொண்டது. தேம்ஸ், கடலின் ஏற்ற வற்றத்துக்கு ஆட்பட்ட ஆறு. அந்த வேளையில் நீர் இறங்கியிருந்ததால் தீயணைப்போருக்கு ஆற்றங்கரையிலேயே நீர் எட்டவில்லை. ஐந்தே ஆண்டுகள் ஓடிய அதிசய ஆலை, வெறும் சுவர்களாகிவிட்டது.

பாலத்தின் மேல் கூடிய கூட்டமோ கலங்கவில்லை. சிறு ஆலைக்காரர்களும் அவர்களுடைய தொழிலாளர்களும் ஆடினார்கள், பாடினார்கள். ஆலையின் அழிவை வாழ்த்தும் அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். தெருப்பாட்டுகள் அச்சாகி விற்பனையாயின. இந்த ஆலை வந்தால் மற்ற ஆலைகள் மூடப்படும், மாவு வணிகம் ஒருவர் கைக்குப் போய்விடும், மாவில் கலப்படம் செய்கிறார்கள் என்றெல்லாம் முன்பே பேச்சு இருந்தது. யாரோ தீ வைத்துவிட்டார்கள் என்ற ஐயமும் எழுந்தது. ஆனால் குற்றம் எவர்மீதும் மெய்ப்பிக்கப்படவில்லை. எண்ணெய் போதாமல் உராய்ந்து சூடேறிய தாங்கி ஒன்றே காரணமாகலாம் என்பது ஆலையை அறிந்தவர்களின் கருத்து. உராய்வு விசையை வெறும் கணக்காக எண்ணும் நமக்கு இது ஓர் எச்சரிக்கை.

முதலில் இதைப் படித்தபோது அந்தக் கூட்டத்தின்மீது எனக்குக் கோபமே வந்தது. அறிவியலின் அருமை அறியாத மூடர்கள் என்று நினைத்தேன். விடுமுறையில் ஊருக்குப் போனபோது இந்தக் கதையை என் அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் இளவயதில் கூலிக்கு நெல் குத்தியவர். அரிசியும் தவிடும் கூலியாக வரும்; அதுதான் வீட்டுக்குக் கஞ்சி. பிறகு ஊருக்கு ரைஸ்மில் வந்தது.

கதையைக் கேட்டு அப்பத்தா சிரிக்கவில்லை. “மில்லு வந்தப்ப எங்க கையி ஓஞ்சுச்சு, கூடவே வயிறும்ல காஞ்சுச்சு. அவுக ஆடுனதுல தப்பென்னப்பா?” என்றார். சற்று நேரம் கழித்து அவரே, “ஆனா ஒண்ணு. எம் மக உலக்கை புடிக்காம நாலெழுத்துப் படிச்சா. அதுவும் மில்லு வந்ததாலதான்” என்றார்.

பள்ளிக்கூட வாசலை மிதித்திராத அவர், நான் பல புத்தகங்களில் தேடிய விடையின் இரு பாதிகளையும் இரண்டே பேச்சில் சொல்லிவிட்டார்.

தீக்குப் பின்

எரிந்த சுவர்கள் பல ஆண்டுகள் அப்படியே நின்றன. 1809-இல் அவை இடிக்கப்பட்டன. அருகில் இலாம்பெத் பகுதியில் வாழ்ந்த கவிஞர் வில்லியம் பிளேக், கருகிய இந்த ஆலையை மனத்தில் கொண்டே தம் கவிதை ஒன்றில் ஆலைகளைச் சாடினார் என்று கருதுவோர் உண்டு, அது ஊகமே. தீக்காட்சியை மட்டும் நாம் இன்றும் காணலாம். ரௌலண்ட்சன், பியூஜின் ஆகிய ஓவியர்கள் இருவரும் சேர்ந்து வரைந்த படம் 1808-இல் வெளியாகத் தொடங்கிய இலண்டன் காட்சி நூலில் இடம்பெற்றுள்ளது.

ஆலை போயிற்று, அது கற்பித்த பாடங்கள் போகவில்லை. ஆலைத் தீ பலரையும் சிந்திக்க வைத்த அந்தக் காலத்தில், 1793-க்குள் டார்பி நகரில் வில்லியம் ஸ்ட்ரட் இரும்புத் தூண்களும் செங்கல் வளைவுகளும் கொண்டு தீத்தாங்கும் ஆலை ஒன்றை எழுப்பினார். 1797-இல் ஷ்ரூஸ்பரியில் தூணும் உத்தரமும் இரும்பாகவே அமைந்த ஆலை எழுந்தது. இன்றைய அடுக்குமாடிகளின் எலும்புக் கூட்டுக்கு அதுவே பாட்டன். ரென்னியோ ஆலை இருந்த பகுதியிலேயே தம் தொழிற்கூடத்தை அமைத்துக்கொண்டு, கால்வாய்களும் துறைமுகங்களும் அமைத்தார். 1817-இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலமும் அவர் ஆக்கமே. ஆலைக்கு அருகே அன்று நின்ற பிளாக்ஃபிரையர்ஸ் பாலமும் இன்றில்லை. இப்போது இருப்பது 1869-இல் திறக்கப்பட்ட வேறு பாலம். அந்தக் கூட்டம் ஆடிய கல்தளமும் ஆலையைப் போலவே மறைந்துவிட்டது.

முடிவுரை

ஆலை எரிந்ததால் நீராவி நின்றுவிடவில்லை. அடுத்த தலைமுறைக்குள் அது எங்கும் பரவிவிட்டது. ஆடிய கூட்டம் அஞ்சிய அச்சமும் பொய்யாகவில்லை. சிறு ஆலைகள் காலப்போக்கில் மறைந்தே போயின. வாட்டும் ரென்னியும் வியக்கத்தக்கவர்கள் என்பதும் உண்மை. பாலத்தின் மேல் நின்றவர்களின் வயிற்றுக் கவலை நியாயமானது என்பதும் உண்மை.

அந்த ஆலையில் ஒரு கவர்னர் இருந்தது. வேகம் மீறினால் அதை உணர்ந்து அடக்க இரண்டு ஈயக் குண்டுகள் இருந்தன. ஆனால் ஆலை வந்ததால் வேலை இழப்பவரின் நிலையை உணர்ந்து அதற்கேற்பச் சரிசெய்யும் கருவி எதையும் யாரும் பொருத்தவில்லை. எஞ்சினைப் பற்றி அத்தனை நுணுக்கமாகச் சிந்தித்தவர்கள், அண்டை வீட்டு ஆலைக்காரனைப் பற்றிச் சிறிதும் சிந்திக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இன்றும் நாள்தோறும் புதிய இயந்திரங்கள் வருகின்றன. நாளை அவற்றை ஆக்குபவர்களாகவும் இயக்குபவர்களாகவும் நம்மில் பலர் இருப்போம். அப்போது, எஞ்சினின் வேகத்தைக் கணக்கிடும் அதே கவனத்தோடு, அதனால் ஓயும் கைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்வோமாக. அப்பத்தாவின் உலக்கை இன்றும் எங்கள் வீட்டு மூலையில் சாய்ந்து நிற்கிறது. கூம்பு ஊசல் பாடத்தை மறுபடி படிக்கும்போதெல்லாம் எனக்கு அதுவும் நினைவுக்கு வருகிறது.